ஈரம்

பிறையில் மழை இறங்கினால்
எங்கள் கூரைக்கு முதலில் தெரியும்,
அதற்கடுத்து எனக்கு.

இரவு ஷிப்ட். இரண்டாம் உலை.
நானூறு கிலோ இரும்பு
ஆயிரத்து நானூறு டிகிரியைத் தாண்டி
கண்ணாடி போட்ட கண்ணையும் கூச வைக்கிறது.
தரையில் ஏழு மணல் அச்சுகள்.
எல்லாமே சாக்கடை மூடிகள்.
பட்டர்வொர்த்தில் யாரும் குனிந்து பார்க்காமல்
மிதித்துப் போவதற்கு.

தொப்பியில் தவமலர் என்று ஒட்டியிருக்கிறது.
யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
‘ஈரம் பாக்குற அக்கா’ என்பார்கள்.
மொனிருல் அதையே தன் வங்காள நாக்கில் உருட்டுவான்.
தில்பகதூருக்கு அவ்வளவு தமிழ் எதற்கு?
‘ஏய் ஈரம்!’

எங்கள் ஆட்கள் ஒருத்தியைத் திட்டவேண்டுமென்றால்
நெஞ்சில் ஈரமில்லாதவள் என்பார்கள்.
எனக்கு ஈரம் இல்லையென்று சொல்லத்தான் சம்பளம்.
மணலில் இல்லை.
கசடு வாரும் கம்பியில் இல்லை.
கொப்பரையின் உட்பூச்சில் இல்லை,
அதை மூன்று மணி நேரம் கேஸ் தீயில்
சிவக்கச் சிவக்கக் காய்ச்சியாயிற்று.
கையெழுத்துப் போட்ட பிறகுதான் உலை சாயும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்.
குழம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால்
ஆயிரத்து அறுநூறு மடங்கு இடம் கேட்கும்,
கேட்ட நொடியிலேயே எடுத்துக்கொள்ளும்.

கொப்பரையின் கியர் பெட்டி புதிது.
பழையதில் சக்கரத்தை விட்டால்
தன் பாட்டுக்குக் கவிழும்.
ரோஸ்லானைக் கேளுங்கள்;
வேண்டாம், அவர் நடப்பதைப் பாருங்கள்.
புதியது வந்த அன்று உலர்ந்த மணலை நிரப்பி
பாதி சாய்த்து
எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தோம்.
நின்றது.
கையை விட்டும் கைவிடாத ஒரு பொருளை
ஒன்பது பேர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

இன்று மூன்று பத்துக்கு
மூன்று அச்சு ஊற்றியாகிவிட்டது.
கிரேன் நான்காவதற்கு நகர்கிறது.
அதன் வாயருகே
ஐம்பது சென் காசளவு
மணல் கறுத்திருக்கிறது.
அண்ணாந்தேன்.
தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை.
அடுத்த சொட்டு அங்கே தொங்கிக்கொண்டு
வரலாமா என்று யோசிக்கிறது.

கையை உயர்த்தினேன்.
மொனிருல் சக்கரத்தைப் பின்னுக்குச் சுற்றி
கையை எடுத்துவிட்டான்.
கொப்பரை நின்றது.

ஆறிக்கொண்டிருக்கிறது குழம்பு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவ்கே மகன்
ஐந்து விரலை விரித்துக் காட்டுகிறார்.
ஐந்து நிமிடமா, ஐந்நூறு வெள்ளியா?
தில்பகதூர் தீக்குழாயோடு ஓடி வருகிறான்,
‘காய வைக்கலாம் அக்கா, ரெண்டே நிமிஷம்.’
மேலே காயும்டா.
உள்ளே குடித்ததை யார் கேட்பது?

ஓரத்தில், ஒழுகாத கூரைக்குக் கீழே,
சூடேற்றி வைத்த வெறும் தொட்டிகள் நான்கு.
நான்கு மாதம் சண்டை போட்டு வாங்கியவை,
இதுவரை ஒருநாளும் தேவைப்படாதவை.
இடத்தை அடைக்கிறது என்று
போன வாரம்கூட ஒரு பேச்சு வந்தது.
மீதி இருநூற்றைம்பது கிலோவும்
அவற்றில் இறங்கியது.
தாழ்வாக, மெதுவாக,
பாலை ஆற்றுகிறவளின் பொறுமையோடு.
ஒரு பொறிகூட எழும்பவில்லை.
பார்க்க ஒன்றுமே இல்லை.

பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்தான்.
ஈரம் என்று எழுதினேன்.
தவ்கே மகன் வந்து படித்தார்,
தமிழ் தெரியாது, தலையை ஆட்டினார்,
கூரையைப் பார்த்தார்,
எத்தனை ஆணி என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிப் பூச்சு அங்கியைக் கழற்றினால்
உள்ளே முதுகு முழுக்க நனைந்திருக்கிறது.
என்னை யார் சோதிப்பது?

விடிந்து, மழை விட்டு,
மோட்டாரில் வீடு திரும்பும்போது
சாலையில் ஒரு மூடிமேல் ஏறி இறங்கினேன்.
டக்.
எங்களுடையதா என்று தெரியாது.